சென்னைக்குப் போக முடியாத இதழியல் மாணவி என்ன செய்யலாம்?

கேள்வி: சேலத்தில் எம்.ஏ. இதழியல், மக்கள் தொடர்பியல் முதலாண்டு முடிக்கப் போகிறேன். பி.ஏ.வில் தமிழ் இலக்கியம் படித்தேன். சொந்த ஊர் ஏற்காடு மலையில் ஒரு கிராமம். அப்பா காப்பி எஸ்டேட்டில் மேஸ்திரி. வகுப்பில் பாதிப் பேர் கோடை விடுமுறையில் சென்னை சேனல்களுக்கு இன்டர்ன்ஷிப் போகிறார்கள். அங்கே தங்கிச் செலவு செய்ய எங்களால் முடியாது. என்னிடம் கேமரா இல்லை, ஆங்கிலமும் சுமார்தான். 40,000 ரூபாய் கட்டி ஆன்லைனில் டிஜிட்டல் மார்க்கெட்டிங் படித்தால் வேலை நிச்சயம் என்று ஒரு நிறுவனம் சொல்கிறது. வீட்டில் பி.எட். முடித்து டீச்சராகு என்கிறார்கள். கல்லூரியில் பாடம் நடத்தத் தகுதி தரும் நெட் தேர்வு எழுதலாமா என்றும் ஒரு யோசனை. எந்தப் பக்கம் போவது?
மாணவி, ஏற்காடு

பதில்: முதலில் அந்த 40,000 ரூபாயைக் கட்டாதீர்கள். மற்றதை நிதானமாகப் பேசலாம்.

டிஜிட்டல் மார்க்கெட்டிங் வேண்டாத படிப்பு என்று சொல்லவில்லை. அதன் அடிப்படைகளைக் காசு கொடுத்துப் படிக்கத் தேவையில்லை. கூகுளின் ஸ்கில்ஷாப் தளத்தில் விளம்பரம், அனலிட்டிக்ஸ் பாடங்களும் தேர்வும் சான்றிதழும் இலவசம். மத்திய அரசின் ஸ்வயம் தளத்தில் இதழியல், தொடர்பியல் பாடங்களைச் சும்மாவே படிக்கலாம், சான்றிதழ் வேண்டும் என்றால்தான் தேர்வுக்குக் கட்டணம். பல்கலைக்கழகம் ஒத்துக்கொண்டால் அந்த மதிப்பெண் உங்கள் கிரெடிட்டிலும் சேரும். துறைத் தலைவரிடம் கேட்டுப் பாருங்கள். ‘வேலை நிச்சயம்’ என்று யாராவது சொன்னால், எந்த நிறுவனத்தில், என்ன சம்பளத்தில் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். அதோடு பேச்சு முடிந்துவிடும்.

நாளிதழில் செய்திகளைத் திருத்திப் பக்கமாக்கும் டெஸ்க்கில் பல வருடம் வேலை பார்த்துவிட்டு, இப்போது நிறுவனங்களுக்குத் தொடர்பு ஆலோசகராக இருக்கிறேன். ஆள் எடுக்கும் நேர்காணல்கள் பலவற்றில் உட்கார்ந்திருக்கிறேன். வருகிறவர்கள் எல்லோரிடமும் அதே பட்டம், அதே மாதிரி சான்றிதழ்கள். கோப்பைப் புரட்டிவிட்டு எல்லோரும் கேட்பது ஒன்றைத்தான்: “நீங்க பண்ணதுல ஏதாவது காட்டுங்க.” அங்கேதான் பெரும்பாலானவர்கள் திணறுவார்கள். வகுப்பு அசைன்மென்ட்டைக் காட்டுவார்கள், இல்லாவிட்டால் சேனலில் எடுத்த செல்ஃபியைக் காட்டுவார்கள். அடுத்த மே மாதத்துக்குள் நாலைந்து உருப்படியான வேலைகளை உங்களால் காட்ட முடிந்தால், சென்னை இன்டர்ன்ஷிப் இல்லை என்பதை யாரும் கவனிக்கவே மாட்டார்கள். இந்தப் படிப்பு உங்களுக்குத் தரும் பெரிய வாய்ப்பே இந்த ஒரு வருடம்தான். சம்பளக் கவலை இல்லாமல், மாணவர் அடையாள அட்டையோடு யாரிடமும் போய்க் கேள்வி கேட்கலாம். வேலையில் சேர்ந்த பிறகு ஒரே விஷயத்தின் பின்னால் மூன்று மாதம் அலைய யாரும் விட மாட்டார்கள்.

எதைச் செய்வது? ஏற்காட்டுப் பெண் நீங்கள். சென்னையிலிருந்து வருகிற நிருபர் ஏரி, படகு, பகோடா பாயின்ட், மூடுபனி என்று எழுதிவிட்டு மாலைக்குள் மலை இறங்கிவிடுவார். அவருக்குத் தெரியாதது உங்களுக்குத் தெரியும். காப்பியையே எடுத்துக்கொள்ளுங்கள். சேர்வராயன் மலையில் காப்பி வந்து இருநூறு வருடம் ஆகிறது. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் கொண்டுவந்தார் என்பது எல்லாக் கட்டுரையிலும் இருக்கும். அதையே திரும்ப எழுத வேண்டாம். பழம் பறிக்கும் காலத்தில் ஆள் கிடைக்கிறதா, கூலி கிலோ கணக்கா நாள் கணக்கா, களத்தில் காயப்போட்ட நேரத்தில் மழை பிடித்தால் யாருக்கு எவ்வளவு நஷ்டம், சில்வர் ஓக் மரத்தில் ஏற்றிய மிளகு அந்த வருடம் எத்தனை வீடுகளைக் காப்பாற்றியது, பிள்ளைகள் எல்லாம் திருப்பூருக்கும் பெங்களூருக்கும் போய்விட்டால் அடுத்த பறிப்புக்கு யார் வருவார்கள்? இதெல்லாம் உங்கள் வீட்டுத் திண்ணையில் தினமும் பேசுகிற பேச்சு. வெளியில் யாருக்கும் தெரியாத செய்தி.

இங்கே ஒரு எச்சரிக்கை. அப்பா வேலை பார்க்கும் எஸ்டேட்டைத் தொடாதீர்கள். நல்லதாக எழுதினாலும் விளம்பரம் மாதிரி இருக்கும், குறை எழுதினால் அவர் வேலைக்கு ஆபத்து. அப்பாவைப் பெயர் சொல்லி மேற்கோள் காட்டவும் வேண்டாம். அவர் உங்களுக்கு விஷயம் புரியவைக்கட்டும், தகவலை வேறு இரண்டு மூன்று பேரிடம் போய் வாங்குங்கள். ஒன்றிரண்டு ஏக்கரில் சொந்தமாகக் காப்பி வைத்திருக்கும் மலைக் குடும்பங்களிலிருந்து தொடங்கலாம். நமக்கும் செய்திக்கும் நடுவே சொந்த லாப நஷ்டம் வந்தால் விலகி நிற்பது என்பதைப் பாடப் புத்தகத்தில் ஒரு பத்தியாகப் படித்திருப்பீர்கள், உங்களுக்கு அது வீட்டிலேயே பயிற்சியாகக் கிடைக்கிறது. நேர்காணலில் இதைச் சொன்னால் எந்த ஆசிரியரும் நிமிர்ந்து உட்காருவார்.

மலையை விட்டு இறங்கினால் விஷயத்துக்குப் பஞ்சமே இல்லை. சேலம் ஜவ்வரிசிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது, எல்லோரும் செய்தி போட்டார்கள். அதற்குப் பிறகு ஆத்தூர், வாழப்பாடி பக்கம் மரவள்ளி போடும் விவசாயிக்கு மூட்டைக்கு ஒரு ரூபாயாவது கூடியதா என்று யாராவது போய்க் கேட்டார்களா? சேகோ, அதாவது ஜவ்வரிசி ஆலை முதலாளி ஒன்று சொல்வார், விவசாயி வேறொன்று சொல்வார், ஆலைகளின் கூட்டுறவுச் சங்கமான சேகோசர்வின் ஏலக் கணக்கு மூன்றாவதாக ஒன்று சொல்லும். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கத் தெரிந்தால் நீங்கள் நிருபர். வெள்ளி விலை எகிறும்போது செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுப் பட்டறைகளில் ஆர்டர் என்ன ஆகிறது, மே மாதக் கோடை விழா முடிந்த மறுநாள் ஏற்காட்டில் சேரும் குப்பை எங்கே போகிறது, இப்படி நூறு இருக்கிறது.

குப்பை விஷயத்துக்குத் தகவல் உரிமைச் சட்டத்தைப் பயன்படுத்திப் பழகுங்கள். 10 ரூபாய்க் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்கு மனுப் போட வேண்டும், அவ்வளவுதான். 30 நாளில் பதில் தர வேண்டும். வரவில்லை என்றாலோ மழுப்பினாலோ முதல் மேல்முறையீடு இருக்கிறது. “ஏன் சுத்தம் செய்யவில்லை” என்று கேட்டால் பதிலே கிடைக்காது. “கடந்த மூன்று ஆண்டுகளில் கோடை விழா நாட்களில் அகற்றிய குப்பை எத்தனை டன், செலவு எவ்வளவு, ஒப்பந்ததாரர் யார், ஆவண நகல் தருக” என்று கேட்டால் பதில் சொல்லியே ஆக வேண்டும். கேள்வியை இப்படிச் செதுக்கப் பழகுவதே பாதிப் பயிற்சி. உங்கள் வகுப்பில் எத்தனை பேர் ஒரு மனுவாவது போட்டிருக்கிறார்கள் என்று விசாரித்துப் பாருங்கள்.

எடுத்த விஷயம் ஒவ்வொன்றையும் இரண்டு வடிவத்திலாவது செய்யுங்கள். 600 சொல்லில் ஒரு கட்டுரை, மூன்று நிமிட ஒலிப்பதிவு அல்லது வீடியோ. கேமரா இல்லாதது ஒரு குறையே இல்லை, இன்றைக்கு மாவட்ட நிருபர்கள் பலரும் போனில்தான் எடுத்து அனுப்புகிறார்கள். பார்க்கிறவர் படம் கொஞ்சம் மங்கலாக இருந்தால் பொறுத்துக்கொள்வார், குரல் கேட்கவில்லை என்றால் அடுத்ததற்குப் போய்விடுவார். அதனால் காசு செலவழிப்பதாக இருந்தால் ஒரு காலர் மைக்குக்கு மட்டும் செலவழியுங்கள், சில நூறு ரூபாயில் கிடைக்கும். மலைக்காற்று மைக்கில் விழுந்தால் பேட்டி மொத்தமும் வீண், ஸ்பாஞ்ச் உறை இல்லாமல் வெளியில் பதிவு செய்யாதீர்கள். ஒலியை வெட்டி ஒட்ட ஆடாசிட்டி இலவசம். வீடியோவுக்கு டாவின்ச்சி ரிசால்வின் இலவசப் பதிப்பே போதும், ஆனால் அதற்கு நல்ல கணினி வேண்டும், அதைத் துறை லேபில் கேளுங்கள். பின்னணிக்கு சினிமாப் பாட்டைப் போடாதீர்கள். உரிமைச் சிக்கல் ஒரு பக்கம், உங்கள் ஊர்ச் சத்தம் அதைவிட நன்றாக இருக்கும் என்பது இன்னொரு பக்கம்.

இன்டர்ன்ஷிப் விஷயத்தில் என் கருத்து பலருக்குப் பிடிக்காது. பெரிய சேனலில் ஒரு மாதம் இருக்கும் மாணவருக்குப் பெரும்பாலும் கிடைப்பது வேடிக்கை பார்க்கும் வேலை. பேட்டிக்குப் போகும் வண்டியில் இடம் இருந்தால் ஏற்றிக்கொள்வார்கள், இல்லாவிட்டால் பழைய டேப்பில் எந்த நிமிடத்தில் என்ன இருக்கிறது என்று லாக் எழுதச் சொல்வார்கள். சேலத்தில் பதிப்பு வைத்திருக்கும் நாளிதழ்களில் ஆள் குறைவு. ஆள் குறைவான இடத்தில்தான் கற்றுக்குட்டி கையிலும் வேலை வரும். போவதற்கு முன்னால் கேட்டுக்கொள்ள வேண்டியது, நான் எழுதுவதை யார் திருத்துவார், திருத்தியதை எனக்குக் காட்டுவாரா என்பது. அதற்கு “பார்த்துக்கலாம்மா” என்று பதில் வந்தால் வேறு இடம் பாருங்கள். பக்கம் முடிகிற நேரம் ராத்திரி, கடைசி பஸ்ஸைப் பிடித்து மலை ஏறுவது உங்களுக்கு நடக்காது. ஆகவே டெஸ்க் வேண்டாம், பகல் நேர நிருபர் வேலை வேண்டும் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். அதில் கூச்சம் வேண்டாம்.

எங்கேயும் இடம் கிடைக்கவில்லை என்றாலும் திங்கட்கிழமை காலை கலெக்டர் அலுவலகத்துக்குப் போங்கள். மக்கள் குறைதீர் கூட்டம் நடக்கும். பட்டா, ஓய்வூதியம், பாதை ஆக்கிரமிப்பு, குடிநீர் என்று மாவட்டம் முழுக்க வந்து வரிசையில் நிற்கும். வரிசையில் நிற்பவரிடம் பேச்சுக் கொடுத்து, அவர் மனுவை வாங்கிப் படித்து, அனுமதி கேட்டு ஒரு செய்தி எழுதுங்கள். மூன்று திங்கட்கிழமை போனால் உங்களுக்கு நோட்டு நிறைந்துவிடும். அஸ்தம்பட்டி கோர்ட்டிலும் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து பாருங்கள். ஆனால் அதற்கு முன் ஒன்று தெரிந்திருக்க வேண்டும்: பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிடுவது குற்றம். குழந்தை என்றால் போக்சோ சட்டத்தின் 23-வது பிரிவு பெயர், முகவரி, படம், குடும்பம், பள்ளி, அக்கம்பக்கம் எதையும் சொல்லக் கூடாது என்கிறது. மலைக் கிராமத்தில் “அந்த ஊர்ச் சிறுமி” என்று எழுதினாலே யார் என்று தெரிந்துவிடும். உள்ளூர் யூடியூப் சேனல்கள் சில இதைத் தினமும் மீறுகின்றன, நீங்கள் அந்தக் கூட்டத்தில் சேர வேண்டாம்.

விகடன் குழுமம் பல ஆண்டுகளாக நடத்திவரும் மாணவப் பத்திரிகையாளர் திட்டம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். கல்லூரியில் படித்துக்கொண்டே எழுதலாம் என்பதால் உங்கள் நிலைமைக்குப் பொருந்தும், அறிவிப்பு வந்ததும் விண்ணப்பியுங்கள். குரல் நன்றாக இருந்தால் தர்மபுரி வானொலி நிலையம் பக்கத்தில்தான். ஆகாசவாணி அவ்வப்போது பகுதிநேர அறிவிப்பாளர்களுக்குத் தேர்வு வைக்கும், எழுத்துத் தேர்வும் குரல் தேர்வும் இருக்கும். அதில் பெரிய வருமானம் இல்லை, மைக் முன்னால் பேசிய அனுபவம் மிஞ்சும்.

ஆங்கிலம் சுமார் என்கிறீர்கள். ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் சேர்ந்துவிடாதீர்கள். இந்தத் தொழிலுக்கு முதலில் தேவை படித்துப் புரிந்துகொள்ளும் ஆங்கிலம். அரசாணை, தீர்ப்பு, ஆய்வறிக்கை எல்லாம் அதில்தான் வருகிறது. மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகம், அதாவது பி.ஐ.பி., தன் அறிக்கைகளில் பலவற்றை ஆங்கிலத்திலும் தமிழிலும் வெளியிடுகிறது. தினமும் ஒன்றை எடுத்து, ஆங்கிலத்தைப் படித்து நீங்களே தமிழில் ஒரு செய்தியாக எழுதிவிட்டு, அப்புறம் அவர்கள் தமிழைப் பாருங்கள். பல நாட்களில் உங்களுடையது மேலாக இருக்கும், இலக்கியம் படித்தவர் என்பது அங்கே கைகொடுக்கும். அதோடு தமிழ்99 விசைப்பலகையில் வேகமாகத் தட்டக் கற்றுக்கொள்ளுங்கள். சின்ன விஷயமாகத் தோன்றும். ஆனால் ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழாக்குகிறவரைவிட வேகமாகவும் பிழை குறைவாகவும் செய்தி கொடுப்பவரைத்தான் பிரேக்கிங் நேரத்தில் தேடுவார்கள்.

ஏ.ஐ. எல்லா வேலையையும் தின்றுவிடும் என்று பயமுறுத்துகிறார்களே என்று நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். அறிக்கையை மொழிபெயர்த்துப் போடுவது, தலைப்பை மாற்றி ஒட்டுவது போன்ற வேலைகள் குறைந்துகொண்டுதான் வருகின்றன. ஆனால் ஏ.ஐ. தரும் தமிழில் பிழை பிடிக்கவும், மரவள்ளிக் காட்டுக்குள் நடந்து போய் விலை கேட்கவும் ஆள் வேண்டியிருக்கிறது.

வேலை என்றால் செய்தி மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம். சேலத்தில் எத்தனை தனியார் ஆஸ்பத்திரிகள், கல்லூரிகள், ஜவுளி நிறுவனங்கள் இருக்கின்றன! அவர்கள் வெளியிடும் நோட்டீஸ், வீடியோ, வாட்ஸ்அப் செய்தி எதையாவது படித்துப் பாருங்கள். சர்க்கரை நோயாளி தன் பாதத்தைப் பார்த்துக்கொள்வது எப்படி என்று சொல்லும் தாள் ஆங்கிலத்தில் இருக்கும், அல்லது யாருக்கும் புரியாத தமிழில் இருக்கும். அதை உங்கள் ஊர்ப் பெரியம்மாவுக்குப் புரிகிற மாதிரி எழுதித் தருவது ஒரு தொழில், அதற்குப் பெயர் சுகாதாரத் தொடர்பியல். ஓடிடி நிறுவனங்களுக்கு சப்டைட்டில், செயலிகளுக்குத் தமிழ் வாசகம், ஒலிப்புத்தகம் என்று வீட்டிலிருந்தே செய்யும் வேலைகளும் இருக்கின்றன. வேலைக்கு வேலை கூலி மாறும், முதல் வேலைக்கே எழுத்தில் ஒப்பந்தம் கேளுங்கள். தனியாளாக எழுதித் தந்ததன் பதிப்புரிமை, எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுக்காத வரை பொதுவாக உங்களுடையதுதான். பலர் அது தெரியாமலே கொடுத்துவிடுகிறார்கள்.

சேலத்தில் இருந்துகொண்டு என்ன சாதிக்க முடியும் என்று வகுப்பில் யாராவது கேட்டால், ஏற்காடு சாலையில் உங்கள் பஸ் தினமும் கடந்து போகிற மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவைக் காட்டுங்கள். 1935-ல் டி.ஆர். சுந்தரம் தொடங்கிய ஸ்டுடியோ. மலையாளத்தின் முதல் பேசும்படம் 1938-ல் தயாரானது இந்த ஊரில்தான். கலைஞர்களும் டெக்னீஷியன்களும் அன்றைக்கு வேலை தேடி இங்கே வந்தார்கள்.

நெட் தேர்வு: எழுதுங்கள், ஆனால் அவசரமில்லை. முதுகலையில் 55 சதவீதம் வேண்டும், இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 50. இறுதியாண்டில் இருக்கும்போதே விண்ணப்பிக்கலாம். இரண்டு தாளும் சேர்த்து 150 கேள்வி, மூன்று மணி நேரம், தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு இல்லை. கேள்வித்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வரும், மேலே சொன்ன ஆங்கிலப் பழக்கம் அதற்கும் உதவும். ஜே.ஆர்.எஃப். எனும் ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய், உங்கள் வீட்டுக்கு அது சின்னத் தொகை இல்லை. சென்னை ஏசியன் காலேஜ் ஆஃப் ஜர்னலிசம் போன்ற இடங்களை இப்போது யோசிக்க வேண்டாம். நல்ல படிப்புதான், கட்டணம் லட்சங்களில். ஓரிரு வருடம் வேலை பார்த்துவிட்டு, உதவித்தொகை கிடைத்தால் பார்க்கலாம்.

கடைசியாக பி.எட். வீட்டில் சொல்வதைத் தட்டிக்கழிக்காமல், கணக்கைப் போட்டுக் காட்டுங்கள். உங்கள் பி.ஏ. தமிழை வைத்து பி.எட். படித்து, ஆசிரியர் தகுதித் தேர்வு எழுதிப் பட்டதாரி ஆசிரியராக முயலலாம், அந்தக் கதவு மூடவில்லை. ஆனால் மேல்நிலை வகுப்புக்குத் தமிழாசிரியராக வேண்டும் என்றால் எம்.ஏ. தமிழ் வேண்டும், இந்த இதழியல் எம்.ஏ. அதற்குச் செல்லாது. ஆக, இப்போதே பாதியில் விட்டுவிட்டு பி.எட். போவதில் லாபம் எதுவும் இல்லை, ஒரு வருடம்தான் நஷ்டம். படிப்பை முடித்து, ஒரு வருடம் வேலை தேடிப் பார்க்கிறேன், சரிவரவில்லை என்றால் பி.எட். சேர்கிறேன் என்று அப்பாவிடம் சொல்லுங்கள். டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 எழுத வேண்டும் என்று கேட்டால் எழுதுங்கள், அதில் 200 கேள்வியில் 100 தமிழிலிருந்துதான் வருகிறது, உங்களுக்குப் பெரிய சுமை இல்லை.

கோடை விழாவுக்கு இன்னும் நாள் இருக்கிறது. அதற்குள் தகவல் உரிமை மனுவை எழுதி ஏற்காடு ஊராட்சி ஒன்றிய அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிவிடுங்கள், ரசீதைப் பத்திரமாக வையுங்கள். பதில் வந்ததும் அதை எப்படிச் செய்தியாக்குவது என்று சந்தேகம் இருந்தால் மறுபடி எழுதுங்கள்.